ஒரே ஆசனம் எல்லோருக்கும் பொருந்துமா? யோகா சிகிச்சையில் கவனிக்க வேண்டியவை!

'பக்கத்து வீட்டு அக்கா பண்றாங்க... நானும் யூடியூப் பார்த்து ஆரம்பிச்சுட்டேன்!' யோகா என்றதும் பலரும் சொல்வது இதைத்தான். ஆனால், ஒருவருக்கு நல்லது செய்யும் ஆசனம், இன்னொருவருக்கு வலியைக் கூட்டிவிடலாம்.

1976-ல் டி.கே.வி.தேசிகாச்சார் தன் தந்தை கிருஷ்ணமாச்சார்யாவின் பெயரில் சென்னையில் தொடங்கிய யோக மந்திரம், இந்த வித்தியாசத்தைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. ஆசனத்துக்காக ஆளை வளைப்பதில்லை. ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றுகிறார்கள். தரையில் உட்கார முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்தே பயிற்சி செய்யலாம்.

இந்த முறையில் மூச்சுக்கே முதலிடம். கைகளை உயர்த்தும்போது மூச்சை இழுத்து, இறக்கும்போது மெதுவாக விட வேண்டும். மூச்சை நிதானமாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறையும். படபடப்பு தணிந்து மனம் அமைதியாவதும், இறுகிப்போன கழுத்தும் தோளும் தளர்வதும் இதனால்தான்.

கவனம்!

* உயர் ரத்த அழுத்தம், க்ளாக்கோமா உள்ளவர்கள் சிரசாசனத்தைத் தவிர்க்க வேண்டும்.

* கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

* யோகா செய்கிறோமே என்று சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

* தூக்கமின்மை, மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். யோகா அந்தச் சிகிச்சைக்குத் துணைதான், மாற்று அல்ல.

இன்றிரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம், மூச்சை இழுப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக வெளியே விட்டுப் பாருங்கள். தொடக்கத்துக்கு அது போதும்!