குழுவை நடத்தக் கற்பவர்கள்

1905-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், ஏழைக் காசநோயாளிகளை ஒன்றாக உட்கார வைத்துப் பேசத் தொடங்கினார். குழுச் சிகிச்சையின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அவர் அதை அழைத்த பெயர் 'வகுப்பு'. படித்தபோது ஆசிரியராகிய எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அது நெடுநாள் நிலைக்கவில்லை.

பாடியில் எங்கள் பள்ளிக்குச் சமூகப்பணி முதுகலை மாணவிகள் இருவர் களப்பணிக்கு வந்தனர். சென்னையில் 1952-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற கல்லூரிகளில் இந்தப் படிப்புக்குக் களப்பணி கட்டாயம். ஒன்பதாம் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் கொண்ட குழு. பிள்ளைகளின் சம்மதத்தோடு நானும் அமர்ந்தேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

இரண்டாம் அமர்வில் ஒரு மாணவன், "அப்பா போனதுக்கு அப்புறம் எங்க வீட்ல யாரும் சிரிக்கறதே இல்லக்கா" என்றான். அறை அமைதியானது. எனக்குத் தாங்கவில்லை. "நீதானப்பா அம்மாவுக்குத் தைரியம் சொல்லணும்" என்று ஆரம்பித்துவிட்டேன். தலையாட்டினான். அதன்பின் அன்று அவன் வாய் திறக்கவில்லை.

மாலையில் அவர்களுடைய மேற்பார்வையாளர் வந்தார். யார் என்ன சொன்னார்கள், அப்போது தங்கள் மனத்தில் என்ன ஓடியது என்று மாணவிகள் எழுதி வைத்திருந்ததைப் படித்தார். என்னைக் குறை சொல்லவில்லை. "அந்த மௌனம் யாருக்குக் கஷ்டமா இருந்தது, பையனுக்கா, உங்களுக்கா?" என்று மட்டும் மாணவிகளிடம் கேட்டார். "எனக்குத்தான் மேடம். டீச்சர் பேசினதும் நிம்மதியா இருந்தது" என்றாள் ஒருத்தி. நான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

குழுச் சிகிச்சை பற்றி 1970-இல் நூல் எழுதிய மனநல மருத்துவர் இர்வின் யாலோம், அனுபவமுள்ளவர் நடத்துவதைப் பார்ப்பதும், மேற்பார்வையில் நடத்துவதும் போக, பயிற்சி பெறுபவர் தானே ஒரு குழுவில் உறுப்பினராக இருந்து பார்க்க வேண்டும் என்கிறார். நாமும் பி.எட். படிப்பில் கற்பித்தல் பயிற்சி முடித்து வந்தவர்கள்தாம். கரும்பலகை எழுத்தைத் திருத்தினார்கள். 'அந்த இடத்தில் ஏன் பேசினாய்?' என்று என்னை யாரும் கேட்டதில்லை.

பள்ளியில் நடப்பது சிகிச்சை அல்ல என்பதில் மாணவிகள் தெளிவாக இருந்தனர். உயிருக்கு ஆபத்து, பாலியல் சீண்டல் என்று தெரிந்தால் ரகசியம் காக்க முடியாது என்பதையும், 1098, 14417 எண்களையும் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அதே மாணவி, "வேற யார் வீட்லயாவது இப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டு அமைதியானாள். அரை நிமிடம் இருக்கும். நான் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூலையிலிருந்து ஒரு சிறுமி, "எங்க வீட்ல டிவி மட்டும்தான்க்கா பேசும்" என்றாள். அந்தப் பையன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.