ஒரு நாட் செலவு

செலவு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பணம் கைவிட்டுப் போவதும் செலவு. மனிதர் வழிக்கொண்டு போவதும் செலவு. இரண்டாவது பொருள் இன்று பேச்சு வழக்கில் அருகிவிட்டது. அதனாற்போலும், அயல்நாட்டில் பயிலும் பிள்ளை ‘நண்பர்களுடன் ஒரு நாள் கடற்கரை வழியே சென்று வருகிறேன்’ என்று தெரிவித்தால், வீட்டிலிருப்போர் செவியில் முதற்பொருள் மட்டுமே விழுகிறது.

எங்கள் இல்லத்திலும் அதுவே நிகழ்ந்தது. பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் எழுத்தனாக அமர்ந்தவன் நான். என் தம்பி ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மேற்படிப்புப் பயில்கிறான்; அதற்காக வங்கியில் கடன் பட்டிருக்கிறோம். “படிக்கப் போனானா, ஊர் சுற்றப் போனானா?” என்று தந்தையார் வினவினார். கடன் பட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்பது முறையே. ஆயினும் பற்றை எழுதும்போது வரவையும் எழுதிப் பார்த்தல் வேண்டுமல்லவா?

அவர்கள் சென்ற வழியை முதலிற் சொல்கிறேன். மெல்போர்னுக்குத் தென்மேற்கே டார்க்கி என்னும் ஊரில் தொடங்கி ஆலன்ஸ்ஃபோர்டு வரை, சுமார் 243 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெருங்கடற் சாலை செல்கிறது. ‘கிரேட் ஓஷன் ரோடு’ என்பது அங்கு வழங்கும் பெயர். முதல் உலகப் போரிலிருந்து மீண்ட ஏறத்தாழ 3,000 வீரர்கள், 1919 முதல் 1932 வரை, கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு மலைச்சரிவை வெட்டி அமைத்த சாலை இது. போரில் மடிந்த தோழர்களுக்கு இச்சாலையையே அவர்கள் நினைவுச் சின்னமாக்கினர். தொடக்கத்தில் சுங்கம் வாங்கப்பட்டது. 1936இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டபின் அது நீங்கியது.

ரயில் இக்கடலோரத்துக்கு வருவதில்லை. மெல்போர்னிலிருந்து ஜீலாங் வரை ஒரு மணி நேரப் பயணம். அதன்பின் இருப்புப்பாதை உள்நாட்டு வழியே வார்னம்பூலுக்குச் சென்றுவிடுகிறது. ஆகவே மாணாக்கர் பலர் சேர்ந்து சிறு பேருந்தொன்றை அமர்த்திக்கொள்கின்றனர். காலையிற் புறப்பட்டால் இரவில்தான் திரும்பலாம். அந்நாட்டிலும் வாகனங்கள் இடப்புறமே செல்வதால், போகும்போது இடப்பக்க இருக்கையில் அமர்ந்தவருக்குக் கடல் நெடுந்தூரம் துணை வரும்.

இவ்வழியிற் புகழ்பெற்றவை ‘பன்னிரு சீடர்கள்’ என்னும் சுண்ணாம்புப் பாறைத் தூண்கள். பெயர் பன்னிரண்டாயினும் எண்ணிக்கை பன்னிரண்டாக இருந்ததில்லை. தென்மாகடலின் அலை முதலிற் கரைப்பாறையைக் குடைந்து குகையாக்குகிறது, குகை வளைவாகிறது, வளைவு இடிந்தபின் தூண் தனித்து நிற்கிறது, தூணும் ஒருநாள் வீழ்கிறது. 2005 சூலையில் சுமார் 50 மீட்டர் உயரமுள்ள தூண் ஒன்று நொடிப்பொழுதிற் சரிந்து கற்குவியலாயிற்று. அதற்கு முன்பு, 1990 சனவரியில், ‘லண்டன் பாலம்’ எனப்பட்ட இயற்கை வளைவின் ஒரு பகுதி இடிந்தது; அப்பால் அகப்பட்டுக்கொண்ட இருவரை ஹெலிகாப்டர் கொண்டு மீட்டனர்.

அருகிலுள்ள லாக் ஆர்டு மலையிடுக்குக்கு ஒரு துயர வரலாறு உண்டு. இங்கிலாந்திலிருந்து மெல்போர்னை நோக்கி வந்த ‘லாக் ஆர்டு’ என்னும் பாய்மரக் கப்பல், 1878 சூன் முதல் நாள் இங்கே பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 54 பேரில் உயிர் தப்பியவர் இருவரே. ஒருவன் டாம் பியர்ஸ் என்னும் பயிற்சி மாலுமி. மற்றவள் ஈவா கார்மைக்கேல் என்னும் இளம்பெண். கரையேறிவிட்ட டாம், அவளது கூக்குரல் கேட்டு மீண்டும் நீரில் இறங்கி அவளைக் கரை சேர்த்தான். புதுநாட்டிற் குடியேற வந்த அவளுடைய பெற்றோரும் உடன் வந்த சகோதர சகோதரிகளும் அன்று கடலில் மாண்டனர்.

இனி வரவுக் கணக்கு. அறை, வகுப்பு, வேலை பார்க்கும் கடை ஆகிய மூன்றையன்றி அந்நாட்டில் வேறெதையும் அறியாதிருந்தவன் என் தம்பி. “சாப்பிட்டேன், நலம்” என்று இரண்டு சொல்லில் முடியும் அவனது தொலைபேசிப் பேச்சு, அன்றிரவு முக்கால் மணி நேரம் நீண்டது. உடன் சென்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். அம்மா கட்டுச்சோற்றைப் பற்றிக் கேட்டாள்; புளியோதரையை மற்ற நாட்டு மாணவர்களும் கேட்டு வாங்கி உண்டார்களாம். கோபமாயிருந்த தந்தையாரோ, “அந்தப் பெண் பிற்பாடு என்ன ஆனாள்?” என்று வினவினார். அவள் சில மாதங்களில் அயர்லாந்துக்கே திரும்பிவிட்டாள் என்பதைத் தம்பி தெரிவித்தான். தனிமை ஒரு நோய். அது பேரேட்டில் ஏறாது. ஆனால் படிப்பைத் தின்றுவிடும். சிக்கனமாகத் திட்டமிட்டால் ஒரு நாட் கூலியில் அடங்கும் இச்செலவு, அந்நோய்க்கு மலிவான மருந்து.

எனினும் அக்கடல் விளையாட்டுக்குரியதன்று. 2024 சனவரியில் அதே மாநிலத்தின் பிலிப் தீவில், காவலர் இல்லாத கடற்கரை ஒன்றில், இந்திய வமிசத்தினர் நால்வர் மூழ்கி மாண்டனர். கரையிலிருந்து ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லும் நீரோட்டம், பெரும்பாலும் அலையடங்கி அமைதியாகத் தோன்றும் இடத்திலேயே ஓடும். அவ்வமைதியை நம்பி இறங்குவோர் பலர்.

ஆதலின், அயல்நாட்டில் பிள்ளைகளை உடைய அன்பர்கள் ‘போகாதே’ என்று தடுப்பதை விடுத்து, கீழ்க்கண்டவற்றைச் சொல்லியனுப்புவார்களாக. தனியே போகாமற் கூட்டமாகச் செல்க. ஆஸ்திரேலியாவிற் கடற்காவலர் நாட்டும் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையிலன்றி வேறெங்கும் நீரில் இறங்கற்க. படமெடுக்கும் ஆசையில் வேலியைத் தாண்டற்க. அப்பாறைகள் இடியும் இயல்பின. ஆபத்தில் அழைக்கவேண்டிய எண் 000 என்பதை மனத்திற் கொள்க. இரவு அறைக்குத் திரும்பியதும், எந்நேரமாயினும், வீட்டுக்கு ஒரு சொல் தெரிவிக்க. அச்சொல் வரும்வரை இங்கே எவரும் உறங்கப் போவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.