கைத்துப்பாக்கிப் பயிற்சி... யாருக்கு எது பொருந்தும்?

2024 ஏப்ரல் மாதத்தை ஆவடிக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு நகைக்கடைக்குள் புகுந்த கும்பல், துப்பாக்கியைக் காட்டி கடைக்காரரைக் கட்டிப்போட்டு நகைகளை அள்ளிக்கொண்டு போனது. அதே மாதக் கடைசியில், அதே வட்டாரத்தில், வீட்டிலேயே சித்த வைத்தியம் பார்த்துவந்த தம்பதி கொலை செய்யப்பட்டார்கள். கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

ஆவடியின் இன்னொரு பக்கம் இருக்கிறது கோவில்பதாகை. டாங்கி தொழிற்சாலை, ராணுவச் சீருடைத் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப்., சிறப்புக் காவல் படை என்று சுற்றிலும் சீருடைக்காரர்கள் நிறைந்த வட்டாரம். துப்பாக்கி இங்கே சினிமாவில் மட்டும் பார்க்கிற பொருள் இல்லை. அதனால், ‘லைசென்ஸ் வாங்கி, முறையா பயிற்சி எடுத்து, வீட்டுல ஒண்ணு வச்சுக்கிட்டா என்ன?’ என்ற கேள்வி எழுவதில் ஆச்சரியம் இல்லை.

கேள்வி வந்ததும் கை செல்போனுக்குப் போகும். அங்கே வருவதெல்லாம் அமெரிக்க வீடியோக்கள். 1976-ல் ஜெஃப் கூப்பர் அரிசோனாவில் தொடங்கிய ‘கன்சைட்’ பள்ளியின் வழியில், அந்த நாட்டில் தற்காப்புக் கைத்துப்பாக்கிப் பயிற்சி ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இரண்டு நாள் கோர்ஸ், ஐந்து நாள் கோர்ஸ் என்று வகைவகையாக உண்டு. ஆனால், அங்கே துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை. நம் நாட்டில் அப்படி ஓர் அடிப்படை உரிமை கிடையாது. 2023 பிப்ரவரியில், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்த வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டியது. அந்த வீடியோக்களில் பெரும்பாலும் வரும் 9 மி.மீ. பிஸ்டல்கூட இங்கே சாதாரண மக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம்தான். தற்காப்புக்கு லைசென்ஸ் கிடைத்தாலும், பொதுவாக வாங்க முடிவது .32 ரகம்.

சரி, இங்கே என்னதான் பயிற்சி இருக்கிறது?

முதலாவது, சட்டமே கேட்கும் பயிற்சி. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாள்வது, எடுத்துச் செல்வது, சுடும் முறை, பராமரிப்பு, பூட்டி வைக்கும் விதம், சட்டத்தின் அடிப்படை... இவைதான் பாடங்கள். முடித்தால் ‘எஸ்-1’ படிவத்தில் சான்றிதழ். லைசென்ஸ் வாங்க நினைப்பவர் தவிர்க்க முடியாத பயிற்சி இது. இங்கே ஓர் எச்சரிக்கை: பணம் கட்டும் முன்பே, அந்த நிறுவனம் தரும் சான்றிதழை ஏற்றுக்கொள்வார்களா என்று லைசென்ஸ் வழங்கும் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். கமிஷனரேட் பகுதிகளில் அந்த அதிகாரம் போலீஸ் கமிஷனரிடம். 2022 ஜனவரியில் ஆவடிக்குத் தனி கமிஷனரேட் வந்துவிட்டதால், கோவில்பதாகைக்காரர்கள் வேப்பேரி வரை போக வேண்டியதில்லை.

வேப்பேரி என்றதும் ஞாபகம் வருகிறது... 2021-ல் நடிகர் அஜித் வாடகைக் காரில் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்குப் போய் இறங்கி பரபரப்பானதே? அவர் போக வேண்டிய இடம் எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கும் ரைபிள் கிளப். வழி மாறிவிட்டது!

அந்த ரைபிள் கிளப்தான் இரண்டாவது வாசல். சொல்லித்தருவது விளையாட்டு. அதையே தற்காப்புப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் 60 முறை சுட 75 நிமிடம் தருகிறார்கள். ஒரே கையில் பிடித்து, மூச்சை அடக்கி, அசையாத வட்டத்தைப் பார்த்து நிதானமாகச் சுட வேண்டும். நள்ளிரவில், இருட்டில், கை நடுங்க, எதிரே நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்று தெரியாத நொடிக்கு அந்தப் பழக்கம் நேரடியாக உதவாது. ஆனால், விரலைக் கட்டுப்படுத்தவும் பொறுமைக்கும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் சேர்கிறார்கள். 20 ஜூலுக்கு மிகாத சக்தி கொண்ட .177 ரக ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸும் தேவையில்லை. துப்பாக்கி மீது ஆர்வம், ஆனால் உயிர் மிரட்டல் எதுவும் இல்லை என்ற குடும்பங்களுக்கு, கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லலாம்.

மூன்றாவது, செக்யூரிட்டி வேலைக்கான பயிற்சி. ஓய்வு பெற்ற வீரர்கள் நிறைந்த ஆவடியில் இதுவும் பேசப்படுகிற விஷயம்தான். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005-ம் ஆண்டு சட்டத்தையொட்டி வந்த மத்திய மாதிரி விதிகள், புதியவர்களுக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி என்று வைத்திருக்கின்றன. முன்னாள் ராணுவத்தினர், போலீஸாருக்கு 40 மணி நேரமும் 16 மணி நேரமும். இதை முடித்தால் வேலைக்கு வழி உண்டு. துப்பாக்கிக்கு லைசென்ஸ் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

இவை போக, ‘டாக்டிகல்’, ‘கமாண்டோ’ என்று பெயர் வைத்து வார இறுதி வகுப்பு நடத்துபவர்கள். இவர்களிடம்தான் நிறையக் கேள்வி கேட்க வேண்டும். நிஜத் துப்பாக்கியா, பிளாஸ்டிக் குண்டு பொம்மையா? நிஜம் என்றால், எந்த ரேஞ்சில், யாருடைய அனுமதியில்? ஒருவருக்கு எத்தனை தோட்டா? சுடும் இடத்தில் ஒரு பயிற்சியாளர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார்? கண்ணாடி, காதுக்கவசம் கட்டாயமா? முதல் வகுப்பிலேயே நான்கு விஷயங்களை மனப்பாடமாக்க வேண்டும்: எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை, சுட விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே, குறி அமையும்வரை விரல் விசைக்கு வெளியே, குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். இந்த நாலும் வராதவருக்குத் தோட்டா தராத பயிற்சியாளர் நல்லவர். ‘லைசென்ஸும் நாங்களே வாங்கித் தந்துடுறோம் சார்’ என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சட்டத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தற்காப்பு உரிமையை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் பேசுகின்றன. போலீஸை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் காயப்படுத்தவும் அனுமதி இல்லை. நகையைப் போட்டுவிட்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு, ‘தற்காப்பு’ என்று நீதிமன்றத்தில் நிற்க முடியாது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினாலே, 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், இரண்டுமேகூட கிடைக்கலாம்.

ராணுவத்தில் இருந்தவருக்கு எதற்குப் பயிற்சி என்று வீட்டில் கேட்பார்கள். அங்கே பழகியது பெரும்பாலும் ரைபிள். மேலதிகாரியின் உத்தரவும் கூட நின்ற படையும் இருந்தன. இங்கே மூன்று அறை வீட்டில், பேரப்பிள்ளைகள் தூங்கும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர்தான். சட்டத்தையும் சேமிப்பு முறையையும் அவரும் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

பெண்களுக்காக என்று 2014-ல் கான்பூர் தொழிற்சாலை கொண்டுவந்த ‘நிர்பீக்’ ரிவால்வர் அரை கிலோ எடைதான். அறிமுகமானபோது விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். அப்போதே அதை வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற விமர்சனம் எழுந்தது. பெரும்பாலான கோவில்பதாகை வீடுகளுக்கு வாசல் விளக்கு, கேமரா, கிரில் கதவு, 112, காவல் உதவி செயலி, பக்கத்து வீட்டுக்காரரின் நம்பர் இவையே முதலில் வேண்டியவை.

நிஜமான மிரட்டல் இருந்து, லைசென்ஸுக்கு விண்ணப்பித்தே தீர வேண்டியவர்கள், பயிற்சிக்குச் சேரும் முன்பே வீட்டில் உட்கார்ந்து ஒன்றைப் பேசிவிடுவது நல்லது. துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா இன்னொரு பெட்டியில், இரண்டும் பூட்டோடு இருக்க வேண்டும். அப்படி வைத்தால் அவசரத்துக்கு எடுக்க நேரமாகும். தலையணைக்கு அடியில் வைத்தால் குழந்தை கையில் கிடைக்கும். இரண்டு பெட்டியின் சாவியும் யாரிடம் இருக்கும், அவர் ஊரில் இல்லாத நாளில் எங்கே இருக்கும்?