கிழட்டுக் கணினிக்கு ஓய்வில்லை

சுவிட்சைப் போட்டால் மின்விசிறி சுற்றுகிறது. திரை மட்டும் இருட்டு. உள்ளேயிருந்து ‘பீப், பீப்’ என்று விடாத ஓலம். அந்தமானின் லம்பா லைனில், என் மேசை மீதிருக்கும் 2007ஆம் வருடத்துக் கணினி மழைக்காலம் வந்தால் இப்படித்தான் சண்டித்தனம் செய்கிறது.

எடைக்குப் போட்டுவிடலாம். ஆனால் அதன் ஹார்ட் டிஸ்க்கில் பல வருட மொழிபெயர்ப்புகள் கிடக்கின்றன, யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில். புதிய கணினியில் திறந்தால் தமிழ் வராது; புரியாத குறிகள்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு ‘டாம்’, ‘டாப்’ என்று தரம் வகுத்த பிறகும், ஆளுக்கொரு எழுத்துரு என்ற நிலை சீக்கிரம் மாறவில்லை.

இங்கே முதல் எதிரி, உப்பும் ஈரமும் சுமந்து வரும் கடற்காற்று. ரேமின் முலாம் பூசிய முனைகளில் படலம் படிந்துவிடுகிறது. வைத்தியம் எளிது: மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசு துடைத்து மாட்டினால் பெரும்பாலும் ஓலம் நிற்கிறது. கடிகாரம் பழைய தேதிக்கே ஓடினால், காசு வடிவ 3 வோல்ட் பேட்டரி செத்துவிட்டது என்று பொருள். மதர்போர்டில் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் சால்டரிங் தெரிந்தவர் மாற்ற வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

‘சாட்டா’ இணைப்பு இருந்தால், சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. மாட்டலாம்; வேகம் உடனே தெரியும். ரேம் வாங்கும்போதுதான் எச்சரிக்கை தேவை. டி.டி.ஆர்.2 இடத்தில் டி.டி.ஆர்.3 நுழையாது. சென்னைக் கப்பல் வந்துசேர மூன்று நாட்களாகும் தீவில் இது சின்னத் தவறல்ல.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்துவிட்டது. ஆகவே எஸ்.எஸ்.டி.யில் லேசான லினக்ஸ். இணையம் அதில் மட்டும். பழைய டிஸ்க்கில் எக்ஸ்பி, இணையத் தொடர்பே இல்லாமல், பழைய கோப்புகளைத் திறப்பதற்காக. எதைத் தொடுவதற்கு முன்பும் டிஸ்க்கை முழுவதும் நகலெடுத்தாக வேண்டும். ரேம் போனால் வாங்கலாம், எழுத்து போனால்?

2020 ஆகஸ்ட் 10இல் சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கம்பி சென்னையையும் அந்தமானையும் இணைத்தது. யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு இன்று நொடிகளில் சென்னை போய்விடும். மாற்றுவதுதான் தாமதம். எழுத்துரு எதுவென்று கண்டுபிடித்து, மாற்றியில் போட்டு, கால் விழுந்ததா, கொம்பு முளைத்ததா என்று வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும்.

கடைசிக் கோப்பு கரையேறும்வரை கிழவருக்கு ஓய்வு கிடையாது.