வெள்ளையடித்தால் விலை ஏறுமா?

வீட்டை விற்கப் போகிறோம் என்று ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். மறுநாள் காலை தெருவே நிபுணர் குழுவாகிவிட்டது.

"பழசை அப்படியே காட்டக் கூடாது சார். பொண்ணு பார்க்க வர்றாங்கன்னா மூஞ்சி கழுவி பவுடர் போட மாட்டோமா?" என்றார் புரோக்கர்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டுப் பக்கம் அரை கிரவுண்டு. 1994-ல் அப்பா கட்டிய வீடு. இருக்கிறபடி கொடுத்தால் 62 லட்சம், பவுடர் போட்டால் 70 வரை கேட்கலாம் என்பது அவர் கணக்கு. எட்டு லட்சம்! பி.காம். படித்த மனசு உடனே பெருக்கிக் கழித்துப் பார்த்தது.

பணம் தேவையாகவும் இருந்தது. அப்பா 2021-ல் போய்விட்டார். முழங்கால் வலியோடு அம்மா தனியாக இருக்க முடியாது. அக்காவுக்குத் திருச்சியில் வீட்டுக் கடன். அம்மாவின் பங்கை பேங்கில் போட்டு, அந்த வட்டியில்தான் இனிமேல் அவளுடைய மருந்து, மாத்திரை எல்லாம். ஒவ்வொரு லட்சமும் கனமான லட்சம்.

முதலில் பரணைக் காலி செய்தேன். செத்துப்போன மிக்ஸி மூன்று, காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள் ஒரு படை, எனக்கே நினைவில்லாத என் நடைவண்டி. பழைய பேப்பர்காரர் 1,140 ரூபாய் கொடுத்தார். இந்தப் படலத்தில் எனக்கு வந்த முதல் வரவு அதுதான். சாமான் போனதும் ஹால் இரண்டடி அகலமானது போலத் தெரிந்தது. காலணா செலவில்லாத வைத்தியம். இதை மட்டும் யார் வேண்டுமானாலும் தாராளமாகச் செய்யலாம்.

அடுத்து பெயிண்டர் வந்தார். ஹால் சுவரைப் பார்த்துவிட்டு, "இது என்ன சார் கோடு?" என்றார்.

முழங்காலுக்குச் சற்று மேலே, பென்சில் கோடு. பக்கத்தில் அப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில் '2-12-15'. அடையாறு பெருகி, முடிச்சூர் பக்கமெல்லாம் படகு விட்டார்களே, அந்த வெள்ளம். வீட்டுக்குள் தண்ணீர் எதுவரை வந்தது என்று அப்பா குறித்து வைத்திருந்தார். ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதிய மனுஷன், வெள்ளத்தை மட்டும் விடுவாரா?

"ரெண்டு கை பட்டி பார்த்துத் தேய்ச்சா இருந்த இடம் தெரியாது."

"அதைத் தொடாதே" என்றாள் அம்மா.

"வாங்க வர்றவன் ஓடிடுவாம்மா!"

"வந்த தண்ணி வந்ததுதானேடா?"

அம்மா பத்து நாள் அக்கா வீட்டுக்குப் போன நேரம் பார்த்துக் காரியத்தை முடித்தேன். உள்ளே வெளியே எல்லாம் சேர்த்து 84,000 ரூபாய். இளமஞ்சள் நிறம். வீடு பிரமாதமாக மின்னியது. என் மனசாட்சியும் அதே கலரில்தான் இருந்தது.

ஆறு பார்ட்டி வந்தார்கள். ஒருவர் செல்போனில் திசைகாட்டி வைத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் நின்று தன்னைத்தானே சுற்றிப் பார்த்தார். இன்னொருவர் பாதியை ரொக்கமாகத் தருவதாகக் கண்ணடித்தார். (வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு. அபராதம் வாங்குகிறவர் தலையில், அதாவது என் தலையில்!) எல்லோருமே "வீடு சூப்பர், வீட்டுல கேட்டுட்டு போன் பண்றோம்" என்று கிளம்பினார்கள். ஒரு போனும் வரவில்லை.

காரணம் சட்டை தேய்க்கக் கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "உங்க வீட்டைப் பார்க்க வர்றவங்க எல்லாம் திரும்பிப் போறப்போ என்கிட்டதான் சார் விசாரிக்கிறாங்க. நல்ல வீடு, 2015-ல மட்டும் முழங்காலுக்கு மேல தண்ணின்னு சொன்னேன். பொய் சொல்லலாமா?"

அவர்கள் என்னிடம் கேட்டபோது நான் என்ன சொல்லியிருந்தேன் என்கிறீர்களா? "தெருவோட போயிடும் சார்" என்று.

அம்மா திரும்பி வந்தாள். சுவரைப் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் காலை என் 84,000 ரூபாய் பெயிண்டின் மேல் புதுசாக ஒரு பென்சில் கோடு, பக்கத்தில் தேதி. ஜன்னல் கம்பியை வைத்து உயரத்தைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள்.

ஏழாவதாக ஒரு இளம் தம்பதி வந்தார்கள். காபிக்கு முன்னாலேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "இதுவரைக்கும் தண்ணி வந்துது. அடுத்த வருஷமே அவர் வாசப்படியை உயர்த்தினார். ப்ளக் பாயின்ட் அத்தனையும் இடுப்புக்கு மேல ஏத்தினார். 2021 மழை, 2023 புயல் ரெண்டுலயும் தெருவோட நின்னுடுச்சு." நான் சமையலறைக்குள் ஒளிந்துகொண்டேன்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. மோட்டாரைப் போடச் சொல்லி, டேங்க் நிரம்ப எத்தனை நிமிஷம் என்று வாட்ச்சைப் பார்த்தாள். எல்லாக் கதவையும் சாத்தித் திறந்தாள். மொட்டைமாடி விரிசலை 22,000 செலவில் அடைத்திருந்தோம். அங்கே பத்து நிமிஷம் நின்றாள். பெயிண்டைப் பற்றி அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "நாங்க எப்படியும் வேற கலர் அடிச்சுக்குவோம்."

போகிற வழியில் இஸ்திரி வண்டி முன்னால் நின்றார்கள். சாயங்காலம் போன் வந்தது.

இதற்கு அப்புறம்தான் நிஜமான பூதம் கிளம்பியது. அவர்களுக்கு பேங்க் லோன். பேங்க் வக்கீல் வில்லங்கச் சான்றைப் பார்த்தார். 1993-ல் அப்பா ஒரு வீடு கட்டும் சங்கத்தில் அடமானம் வைத்து வாங்கிய கடன், அதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது! 2004-லேயே கட்டி முடித்த கடன்தான். ஆனால் அடமானம் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரத்தை யாரும் பதிவு செய்யவில்லை. அது பதிவாகாதவரை லோன் கிடையாது. லோன் இல்லாமல் முழுப் பணத்தோடு வருகிறவர் இந்த ஒரு வரியைக் காட்டியே அஞ்சு லட்சம் குறைப்பார் என்றார் புரோக்கர். பவுடர் போடச் சொன்ன வாய் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அவரைச் சொல்லி என்ன, வில்லங்கச் சான்று ஆன்லைனிலேயே கிடைக்கிறது. சொற்பக் கட்டணம். 84,000 செலவழிக்கும் முன் அதைப் பார்க்காத பி.காம்., நான்தான்.

அப்பாவின் டிரங்குப் பெட்டி காப்பாற்றியது. கடைசித் தவணை வரைக்கும் எல்லா ரசீதும் நூல் கட்டி இருந்தது. அவற்றோடு சங்கத்துக்கு நடந்து, ரசீதுப் பத்திரம் எழுதிப் பதிவாக இரண்டு மாதம். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம் என்று தாலுகா ஆபீஸ் நடை தனி. அந்தத் தம்பதி காத்திருந்தார்கள்.

67 லட்சத்தில் முடிந்தது. இன்னும் ஒன்று ஏற்றப் பார்த்தேன். "முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம்னு இதுக்கு மேல எங்களுக்கு 9 சதவீதம் இருக்கு சார்" என்றார் அந்தப் பையன். ஆறு லட்சத்துச் சொச்சம். வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளையடித்த பில்லை ஆடிட்டரிடம் நீட்டி, லாபத்தில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இது பராமரிப்புச் செலவு. மூலதனச் செலவுல வராது. நீங்க காமர்ஸ்தானே படிச்சீங்க?" என்றார்.

பதிவு முடிந்து, சாவியைக் கொடுக்கும்போது அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோட்டை அழிச்சுக்கோம்மா, உன் வீடு. அந்த ப்ளக் பாயின்ட்டை மட்டும் கீழ இறக்கிடாதே."