யாரும் முகம் கொடுக்காதபோது

சோழவரத்தைத் தாண்டி, காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று கொல்கத்தா நெடுஞ்சாலை நெடுகிலும் ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம். அந்தக் கூட்டத்திலேயே, காலையிலிருந்து ஒருவர்கூடத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் அறைக்குத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அடி விழவில்லை, வசவும் இல்லை. ஆனாலும் உள்ளே ஏதோ வலிக்கிறது. வெளியே சொன்னால், "இதுக்கெல்லாமா வருத்தப்படுவாங்க? கண்டுக்காம விடு" என்று சொல்லிவிடுகிறோம். அந்த அறிவுரை பலிக்காது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது.

பந்து வராத ஆட்டம்

அமெரிக்க உளவியல் அறிஞர் கிப்லிங் வில்லியம்ஸ் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, முன்பின் தெரியாத இருவர் எறிந்து விளையாடிய தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. திருப்பி எறிந்தார். அவர்களும் அவரை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில், ஒரு வார்த்தையும் சொல்லாமல், அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சின்ன விஷயம் தன்னை அவ்வளவு பாதித்தது ஏன் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 'சைபர்பால்' என்ற கணினிச் சோதனை. திரையில் மூவர் பந்து எறிவார்கள். சில எறிதல்களுக்குப் பிறகு சோதனைக்கு வந்தவருக்கு மட்டும் பந்து வராது.

சில நிமிடம்தான் ஆட்டம். அதற்குள்ளேயே தன்மதிப்பு குறைகிறது, நாம் இவர்களில் ஒருவர் என்ற உணர்வு போகிறது, எதுவும் நம் கையில் இல்லை என்று தோன்றுகிறது, நாம் இருந்தும் இல்லாததுபோல் ஆகிறது. எதிரே ஆடுவது மனிதர்கள் இல்லை, வெறும் கணினி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் இதே வருத்தம் வந்தது. ஆகவே, இது தொட்டாற்சிணுங்கித்தனம் இல்லை. அறிவு யோசிப்பதற்கு முன்பே மனம் பதில் சொல்லிவிடுகிறது.

2003-இல் ஆய்வாளர்கள் இந்த ஆட்டத்தின்போது மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். உடல் வலி தரும் துன்பத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி, ஒதுக்கப்பட்டபோதும் கூடுதலாக இயங்கியது. அந்தப் பகுதிக்கு வேறு வேலைகளும் உண்டு என்பதால் இரண்டும் ஒரே வலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'மனசு வலிக்கிறது' என்று சொல்பவரை நம்புவதற்கு இது போதும்.

வேலையிடத்தில்

இந்த நெடுஞ்சாலையோரத் தொழிற்பேட்டைகளில் நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி என்ற கோடு கேன்டீன் மேசை வரைக்கும் நீள்வதுண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இரும்பு உருக்காலைகளில் நெருப்பின் முன்னால் நிற்கிற இளைஞர்களுக்குப் பலரும் வைத்திருக்கும் ஒரே பெயர் 'பையா'. அவர்களுக்கும் வீட்டில் பெயர் வைத்திருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியிலேயே, 1990-இல் தொடங்கிய இலங்கைத் தமிழர் முகாமில், இங்கேயே பிறந்து வளர்ந்தும் இந்நாட்டுக் குடிமக்களாக எண்ணப்படாத ஒரு தலைமுறை வாழ்கிறது. ஒரு சமூகமே கண்டுகொள்ளப்படாமல் போவது இப்படித்தான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முரண் தெரிந்தது. யாரையாவது திட்டுவதைவிட அவரிடம் பேசாமல் இருப்பது பரவாயில்லை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் வேலையை விட்டுப்போகும் எண்ணத்தையும் உடல்நலக் குறைவையும் அதிகம் தந்தது பேசாமல் ஒதுக்கியதுதான். திட்டினால் புகார் கொடுக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

வீட்டுக்குள்

"உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." அப்பா இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். குழந்தை தூது போகும். நைட் ஷிப்ட், அசதி, கடன், ஏதோ ஒரு வார்த்தை என்று தொடங்கும் மௌனம் வாரக்கணக்கில் நீள்வதை நம் வீடுகள் சாதாரணமாக எடுத்துக்கொள்கின்றன. அடிக்கவில்லையே என்ற சமாதானம் வேறு. நாள்கணக்கில் பேசாமல் தண்டிப்பதும் கொடுமைதான் என்பது என் உறுதியான கருத்து. கோபம் தணிய நேரம் கேட்பது வேறு: "இப்போ பேச முடியல, ராத்திரி பேசலாம்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி பேசினால் அதில் தவறில்லை.

1970-களில் எட்வர்ட் டிரானிக் என்ற ஆய்வாளர், தாய்மார்களைக் கைக்குழந்தை முன் சில நிமிடம் முகத்தில் சலனமே இல்லாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பேச்சு வராத வயதிலேயே இது சுடுகிறது. வீட்டில் செல்போனைப் பார்த்தபடியே 'உம்' கொட்டுகிறவர்களும், திண்ணையில் இருக்கும் தாத்தாவைக் கடந்து போகிறவர்களும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாள்பட்டால்

ஒருநாள் வருத்தம் தானே ஆறிவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால், முதலில் எப்படியாவது அவர்களுக்குப் பிடித்தவராக முயல்வோம், அல்லது கோபத்தில் வெடிப்போம். இரண்டும் பலிக்காதபோது வருவது சோர்வு: 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற முடிவு. தூக்கம் கெடும், பசி குறையும், தலைவலி, உடம்புவலி என்று மருத்துவரிடம் போவோம். சிலர் டாஸ்மாக் பக்கம் ஒதுங்குவார்கள். தனிமையோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்குச் சுமார் 8,71,000 என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் கணக்கிட்டது.

என்ன செய்யலாம்

முதல் வலியைத் தடுக்க முடியாது. அதற்கு நாம் கொடுக்கும் விளக்கத்தை மாற்றலாம். பதில் பேசாதவர் இரட்டை ஷிப்ட் முடித்து வந்தவராக இருக்கலாம். ஒருமுறை நேரடியாகக் கேட்டுவிடுங்கள்: "அண்ணே, நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?" பதில் வரவில்லை என்றால் அந்தக் கதவையே தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பழைய நண்பர், அக்கா, பக்கத்து அறைக்காரர் என்று முகம் கொடுக்கிற ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். அந்த ஒருவர் கிடைத்தாலே பாதி பாரம் குறையும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்புவார்கள். சாகலாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 1986 முதல் இயங்கும் சென்னை சினேகா அமைப்பை 044-24640050-இல் அழைக்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567. அரசின் 14416 இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழோடு இந்தி, ஒடியா உள்ளிட்ட மொழிகளிலும் அதில் பேசலாம். பக்கத்து அறையில் தங்கியிருக்கும் ஒடிசா இளைஞருக்கும் இந்த எண்ணைச் சொல்லுங்கள். அப்படியே அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.