கொழுந்தும் குருதியும்: இலங்கை மலையகத் தோட்டப் பெண்களின் இரத்தச்சோகைக் காரணிகள்

கருவுறாத பெண்ணின் குருதியில் டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அதனை இரத்தச்சோகை என்பர். இவ்வளவு கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. உயரம் மிகுந்த இடங்களில் ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுமாதலின் எல்லையையும் உயர்த்திக் கணித்தல் வேண்டும். 1,800 மீட்டருக்கு மேல் அமைந்த நுவரெலியா போன்ற இடங்களில் இத்திருத்தம் செய்யப்படாவிடில், நோயுற்றோர் சிலர் நலமுடையோராக எண்ணப்படுவர்.

மலையகத்தில் இந்நோயின் பழைய காரணம் கொக்கிப்புழு. ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகும் இப்புழு, குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சுகிறது. 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவு இலங்கையில் இதனை ஒழிக்கும் பணியைத் தொடங்கியது. தொழிலாளரே இந்தியாவிலிருந்து புழுவைக் கொண்டுவந்தனர் என அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. கழிப்பிடமின்றி லயன்களைக் கட்டியோர் பொறுப்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இன்று முதன்மையாகக் கருதத்தக்கது உணவு. கோதுமைமா ரொட்டியும் சோறும் மிகுந்து, மீனும் இறைச்சியும் அருகிய உணவில் இரும்புச்சத்து குறைவு. உள்ளதும் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. உணவுடன் பருகும் சாயத் தேநீரோ அவ்வுறிஞ்சுதலைப் பாதிக்கும் கீழாகக் குறைக்க வல்லது. உண்டு ஒரு மணிநேரம் கழித்துத் தேநீர் பருகுக என்னும் அறிவுரை மருத்துவத்தின்படி சரியே. ஆயினும் ஒரே இடைவேளைக்குள் உண்டு, பருகி, மீண்டும் மலையேறுபவளுக்கு அந்த மணிநேரம் ஏது? சம்பலில் தேசிக்காய்ப்புளியைத் தாராளமாகச் சேர்க்கச் சொல்வது நடைமுறைக்கு நெருக்கமானது. அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படத் துணைசெய்யும்.

மாதவிடாய் இழப்பும் அடுத்தடுத்த மகப்பேறும் இக்குறையை ஆழப்படுத்துகின்றன.

கூலிமுறையையும் இக்காரணிகளுள் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடம் நடத்தப்பெற்று, 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. இரும்புச்சத்து வழங்கி ஹீமோகுளோபின் உயர்ந்த பெண்கள் ஒரு மாதத்திற்குள் முன்னினும் மிகுதியாகக் கொழுந்து பறித்தனர். சோகை கடுமையாக இருந்தோரிடமே முன்னேற்றம் மிகுந்து காணப்பட்டது. நிறுவையில் கொழுந்து குறைந்தால் முழுப்பேர் கிடைப்பதில்லை. அரைப்பேர் பெற்றவள் வீட்டில் முதலில் குறைவது மீனும் முட்டையுமே. அக்குறைவு மறுபடியும் அவள் குருதியையே தாக்குகிறது. மாத்திரை பெற வேலைநாளில் மருந்தகம் செல்ல நேரின், அன்றைய பேரும் குறையக்கூடும். மாலை நிறுவை நடக்கும் இடத்திலேயே மாத்திரையை வழங்கினால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.